வாங்கிய வீட்டின் சுற்றுநிலம்: நீர், மண், நிழல், செடி

சென்னைப் புறநகரிலும் அதனை ஒட்டிய செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களிலும் தனி வீடு வாங்குவோருக்குக் கிடைக்கும் மனை பெரும்பாலும் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கட்டடம் எழுந்த பரப்புப் போக, சுவருக்கும் மதிலுக்கும் இடையில் கட்டட விதிகளின்படி திறந்தே விடப்பட வேண்டிய நிலத்தைப் பக்கவெளி என்பர். இந்த அத்தியாயத்தில் முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள் ஆகிய நான்கையும் சேர்த்துச் சுற்றுநிலம் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடப்படுகிறது. வீடு வாங்கியோர் இந்நிலத்தைக் கடைசி வேலையாக எண்ணி, குடிபுகும் நாளுக்கு முந்தைய வாரத்தில் மேஸ்திரியிடம் ஒப்படைப்பதும், அவர் மதில் முதல் மதில் வரை சிமென்ட் தளம் போட்டு, ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தொட்டி கட்டி முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு மூடப்பட்ட நிலம் மழைக்காலத்தில் வீட்டு வாசலில் நீரைத் தேக்குகிறது, கோடையில் இரவு வரை சூட்டை உமிழ்கிறது, ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒரு சொட்டும் இறங்காமல் செய்கிறது. ஆகவே எந்தச் செடி எங்கே நிற்பது என்ற கேள்வியை இறுதிக்குத் தள்ளி, நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, மண் எத்தகையது, வெயில் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்ற மூன்றையும் முதலில் அறிந்துகொள்வதே முறையான திட்டம்.

விளக்கத்தின் வசதிக்காக ஒரு மாதிரி மனை எடுத்துக்கொள்ளப்படுகிறது. கிழக்குப் பார்த்த அம்மனையின் முகப்பு 40 அடி, நீளம் 60 அடி. வீடு 26 அடி அகலமும் 42 அடி நீளமும் கொண்டு இரண்டு தளங்களாக எழுந்து, முன்னால் 10 அடி, பின்னால் 8 அடி, வடக்கே கார் நிறுத்த 10 அடி, தெற்கே 4 அடி என்று இடம் விட்டிருக்கிறது. வீடு பிடித்த பரப்பு 1,092 சதுர அடி என்பதால், திறந்த நிலம் 1,308 சதுர அடி எஞ்சுகிறது. கட்டடத்தைவிடப் பெரிதான இந்தப் பரப்புக்கு வரைபடம் ஒன்றுகூட இல்லாமல் வேலை தொடங்குவது எவ்வளவு பொருந்தாதது என்பதை இந்த எண்களே சொல்லும்.

நிலத்தடியில் இருப்பதை அறிதல்

வரைபடத்தில் முதலில் ஏற வேண்டியவை கண்ணுக்குத் தெரியாதவை. செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய்கள் திரும்பும் இடங்களில் கட்டப்படும் சேம்பர்கள், தரையடி நீர்த்தொட்டியான சம்ப், ஆழ்துளைக் கிணறு, அதன் மோட்டாருக்குப் போகும் மின்கம்பி, தெருவிலிருந்து வரும் குடிநீர் இணைப்பு, மதிலின் அடித்தளம் ஆகியவை எங்கெங்கே எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பதை வீட்டைக் கட்டியவரிடமோ முந்தைய உரிமையாளரிடமோ பத்திரப் பதிவுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குதல் நலம். பதிவு முடிந்தபின் அந்தத் தகவலைப் பெறுவது கடினம். மரத்தின் வேர் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே புகுவது அரிது. ஆனால் மூட்டில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் அந்த ஈரத்தைத் தேடி வந்து நுழைந்து, உள்ளே நாராகப் பெருகி அடைத்துவிடும். எனவே கழிவுநீர்க் குழாய் செல்லும் பாதையின் இரு புறமும் மரம் எதுவும் இல்லாமல், ஆழமில்லாத வேர் கொண்ட செடிகளுக்கும் தரைமூடிகளுக்கும் மட்டும் இடம் ஒதுக்கப்பட வேண்டும்.

கட்டடத்தின் சுவரை ஒட்டிய 2 அடி நிலத்தையும் செடிப் பாத்தியாக்கக் கூடாது. அடித்தளத்தைச் சுற்றிக் கறையான் தடுப்பு மருந்து இட்டிருந்தால், அந்த மண்ணைக் கொத்திக் கிளறும்போது தடுப்பு வளையம் அறுந்துபோகிறது. தினமும் ஊற்றும் தண்ணீர் சுவரில் ஏறி உட்பூச்சை உப்பி உதிரச் செய்கிறது. அந்த 2 அடிக்கு வெளிப்புறமாகச் சரியும் கல் தளமோ, கருங்கல் ஜல்லி நிரப்பிய பட்டையோ அமைத்து, அதன் பின்னரே மண்ணைத் தொடங்குவது கட்டடத்துக்கும் செடிக்கும் ஒருசேர நல்லது.

நீரின் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர் என்ற எளிய வாய்ப்பாடு சுற்றுநிலத் திட்டம் முழுவதற்கும் அடிப்படை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது. மாதிரி வீட்டின் மொட்டை மாடி ஏறத்தாழ 100 சதுர மீட்டர் என்பதால், ஆண்டு முழுதும் அதன்மீது விழும் நீர் சுமார் 1,40,000 லிட்டர். ஆவியாதலும் சிதறலும் போக ஐந்தில் நான்கு பங்கு கைக்குக் கிடைத்தாலும் 1,12,000 லிட்டர் ஆகிறது. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்யும் கனமழையின்போது மாடியிலிருந்து மட்டும் 10,000 லிட்டர், அதாவது பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு, குழாய்கள் வழியே இறங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2019 கோடையின் வறட்சியையும் நான்கே ஆண்டு இடைவெளியில் கண்ட நகரத்தில், இந்த 10,000 லிட்டர் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை இல்லாத எந்தத் தோட்டத் திட்டமும் முழுமையானதன்று.

தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆயினும் விற்பனைக்கு வரும் வீடுகளில், மாடிக் குழாயின் அடியில் 2 அடிக்கு 2 அடி குழி ஒன்றில் ஜல்லியைக் கொட்டி மூடிவிட்டு அதையே சேகரிப்பு என்று காட்டும் பழக்கம் பரவலாக இருப்பதால், மூடியைத் திறந்து, குழாய் உண்மையில் அதற்குள் வந்து முடிகிறதா, அடியில் சேறு எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். மாடி நீரை மண்ணின் அடியடுக்குக்கு அனுப்பும் உறைகிணறு, அதாவது மீள்நிரப்புக் கிணறு, பொதுவாக 3 அடி விட்டமும் 15 அடி ஆழமும் கொண்டதாகச் சிமென்ட் உறைகளால் இறக்கப்படுகிறது; அதன் கொள்ளளவு ஏறத்தாழ 3,000 லிட்டர். கனமழை நாளின் 10,000 லிட்டரில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், கிணறு நிறைந்தபின் வழியும் நீரைத் தோட்டத்தின் தாழ்வான பகுதிக்குத் திருப்பி, அதுவும் நிறைந்தால் தெருவின் மழைநீர் வடிகாலுக்குப் போகுமாறு மூன்று படிகளாக வழி அமைக்க வேண்டும். இந்தத் தாழ்வான பகுதியை முன்புறத் தோட்டத்தில் அரை அடி முதல் ஓர் அடி ஆழத்துக்கு அகன்ற தட்டுப் பள்ளமாக வெட்டி, சில மணி நேரம் நீர் நின்றாலும் வாடாத கல்வாழை, வெட்டிவேர், சேம்பு போன்றவற்றை நட்டுவிட்டால், பெருமழை இல்லாத ஒன்பது மாதங்களும் அது வெறும் பூம்பாத்தியாகவே தோன்றும். நீர் இரண்டு நாட்களுக்கு மேல் அங்கே தேங்குமானால் கொசு முட்டையிடும் இடமாகிவிடும் என்பதால், தேங்கினால் பள்ளத்தின் அடியில் மணலும் ஜல்லியும் இட்டு இறக்கத்தைக் கூட்டுவது அவசியம்.

தரையின் சரிவு வீட்டிலிருந்து விலகியே இருக்க வேண்டும். 50 அடிக்கு 1 அடி என்ற சரிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீருக்குத் தெரியும். தெருவைப் பற்றியும் ஒரு சொல் இங்கே தேவை. சாலையைச் சுரண்டி எடுக்காமல் பழைய தாரின் மீதே புதிய தார் போடப்படும் தெருக்களில் சாலை மட்டம் படிப்படியாக ஏறிக்கொண்டே வருவதால், பத்தாண்டுகளுக்கு முன் தெருவைவிட உயரத்தில் இருந்த மனை இன்று அதற்குத் தாழ்ந்துபோயிருப்பதைப் பல பகுதிகளில் காணலாம். மழை நாளில் வாயிலருகே நின்று, நீர் வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று பார்ப்பதைவிட நம்பத்தகுந்த சோதனை வேறில்லை; வீடு வாங்குவதே ஐப்பசி, கார்த்திகையில் என்றால் அது வாங்குவோரின் நற்பேறு.

நீர்ச் செலவையும் இதே கட்டத்தில் கணக்கிட்டுவிட வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு வகுக்கப்பட்டுள்ள 135 லிட்டரில் 55 லிட்டர் குளிப்பதற்கானது. நால்வர் வாழும் வீட்டில் 220 லிட்டர் குளியல் நீர் தினமும் சாக்கடைக்குப் போகிறது. அந்த நீரை மட்டும் தனிக் குழாயில் பிரித்து, ஜல்லியும் மணலும் நிரப்பிக் கல்வாழை நட்ட சிறு தொட்டியின் வழியே விட்டால், சோப்பின் பெரும்பகுதி அங்கேயே தங்கி, வாழைக்கும் மரங்களுக்கும் பாயத்தக்க நீராக வெளிவரும். சலவை இயந்திரத்தின் கழிவுநீரில் சோடியம் மிகுதி என்பதாலும், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி ஒதுக்கித் தள்ளும் நீரில் கரைந்த உப்பு செறிந்திருப்பதாலும், அவ்விரண்டையும் கீரைப் பாத்திக்கு விடக் கூடாது. குளியல் நீரைப் பிரிக்கும் குழாய் வேலை குடிபுகுவதற்கு முன் எளிதாக முடியும். தளம் போட்டு முடித்தபின் அதுவே இடிப்பு வேலையாக மாறிவிடும்.

மண்ணைப் படித்தல்

புதிய மனையின் மேற்பரப்பில் காணப்படும் மண் அந்த ஊரின் மண் என்று கொள்ள முடியாது. தாழ்ந்த நிலத்தை உயர்த்துவதற்காக டிப்பர் லாரிகளில் கொண்டுவந்து கொட்டப்பட்ட சவுடு மண், கிராவல், இடித்த வீட்டின் செங்கல் துண்டு ஆகியவை மேலேயும், பழைய வயலோ ஏரியின் உள்வாயோ ஆன களிமண் கீழேயும் கிடப்பது புறநகரில் சாதாரணம். இதற்கு மேல், கட்டுமானத்தின்போது சிந்திய சிமென்ட் கலவை, பூச்சு வேலையில் உதிர்ந்த சுண்ணாம்பு, டைல்ஸ் துண்டு, பெயின்ட் கழுவிய நீர் என மேஸ்திரிகள் ரப்பிஷ் என்று சொல்லும் கழிவு முழுவதும் சுவரோரத்திலேயே புதைக்கப்பட்டிருக்கும். சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையை ஏற்றுவதால், அத்தகைய இடத்தில் நட்ட இட்லிப்பூவும் எலுமிச்சையும் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை மஞ்சளித்து நிற்கும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. உரம் இட்டுப் பயனில்லை. சுற்றுநிலம் முழுவதிலும் ஓர் அடி ஆழம் கடப்பாரையால் குத்திப் பார்த்து, கழிவு தட்டுப்படும் இடங்களில் ஒன்றரை அடி வரை அள்ளி வெளியேற்றி, நல்ல தோட்ட மண்ணால் நிரப்பிய பின்பே நடவைப் பற்றிப் பேச முடியும். கட்டியவருக்குக் கடைசித் தவணை கொடுபடாத நிலையில் இருந்தால், இந்த வேலையை அவர் பொறுப்பிலேயே வைப்பது நியாயமானது.

மண்ணின் இயல்பை அறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அரை அடி ஆழத்திலிருந்து எடுத்த மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்தால், ஓரிரு நிமிடங்களில் மணல் அடியில் படியும். அதன்மேல் சில மணி நேரத்தில் வண்டல் படியும். களி மறுநாள் வரை நீரைக் கலங்கலாக வைத்திருந்து மெல்ல இறங்கும். மூன்று அடுக்குகளின் தடிமனை அளவுகோலால் அளந்தால் மண்ணின் கலப்பு விகிதம் கிடைத்துவிடும். கார அமில நிலையையும் உப்பின் அளவையும் துல்லியமாக அறிய வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண்ணையும் கிணற்று நீரையும் சேர்த்தே கொடுத்துச் சோதித்தல் வேண்டும். நீர் உப்பாக இருந்தால், மண் எவ்வளவு நல்லதாயினும் இரண்டே கோடைகளில் அதுவும் உப்பாகிவிடும்.

சென்னையிலேயே மண் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு பகுதியில் வெற்றி கண்ட முறையை இன்னொரு பகுதிக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிச் செல்லும் மணற்பகுதியில் மழைநீர் உடனே இறங்கிவிடும். அங்கே உறைகிணறு சிறப்பாக வேலை செய்யும், ஆனால் ஊட்டமும் ஈரமும் தங்காது, ஆழ்துளைக் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உட்புகும். புன்னை, பூவரசு, தென்னை ஆகியவை அங்கே இயல்பாக வாழும். பல்லாவரம், பரங்கிமலைச் சுற்றில் சில அடி ஆழத்திலேயே பாறை தட்டும் மனைகள் உண்டு. ஆழமான குழியைவிட அகன்ற ஆழமில்லாத குழி அங்கே பொருத்தம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சூழ்ந்த தாழ்ந்த பகுதிகளில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரை மட்டத்தை எட்டிவிடுவதால் உறைகிணறு கீழிருந்தே நிரம்பிக்கொள்ளும். அங்கே வேண்டியது நீரை இறக்கும் வழியன்று, ஒன்றரை அடி உயர மேட்டுப் பாத்தி. கெட்டிக் களிமண் பகுதியில் ஆழக் குழி தோண்டி, அதில் மட்டும் வளமான மண்ணையும் தொழு உரத்தையும் நிரப்பினால் அக்குழி மழைநீரைத் தேக்கி வேரை அழுகச் செய்யும். எனவே அங்கும் சிறு மேடெடுத்து நடுவதே முறை.

வெயிலும் நிழலும்

சென்னை நில நடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால், சித்திரைப் பாதியிலும் ஆவணித் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது; இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்கிறது; மார்கழியில் தெற்கே நன்றாக இறங்கி, நண்பகலில்கூட 53 பாகை அளவு உயரமே ஏறுகிறது. இதன் விளைவை மாதிரி மனையில் பொருத்திப் பார்க்கலாம். 22 அடி உயரமுள்ள வீட்டின் நிழல் மார்கழி நண்பகலில் வடக்கே ஏறத்தாழ 16 அடி நீளும் என்பதால், 10 அடி அகலமுள்ள வடபக்கம் முழுவதும் குளிர்கால மாதங்களில் தன் வீட்டின் நிழலிலேயே கிடக்கும். தெற்கே வெயில் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தெற்கிலும் இதே உயரத்தில் அடுத்த வீடு 8 அடித் தொலைவில் நின்றால், அதன் நிழல் அந்த 4 அடிச் சந்தையும் தாண்டிச் சுவரில் ஏறிவிடும். ஆகவே ரோஜாவுக்கும் கத்தரிக்கும் தேவையான நாளுக்கு 6 மணி நேர நேர்வெயில் பக்கச் சந்துகளில் கிடைக்காது. தெற்குச் சந்தில் வெற்றிலைக் கொடி, கற்பூரவல்லி, பெரணி வகைகள் ஆகியவையும், வடக்கில் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் மனோரஞ்சிதமும் மருதாணியும் ஒருவாறு வரும். காய்கறி முழுவதும் மொட்டை மாடிக்குப் போவதே சரி.

மேற்குச் சுவர்தான் கோடையில் வீட்டை வேகவைப்பது. பிற்பகல் 2 மணி முதல் மறையும் வரை சாய்வாக வந்து சுவரின் முழுப் பரப்பிலும் அறையும் வெயிலை மேற்கூரையின் நீட்சியால் தடுக்க இயலாது. மரத்தாலோ கொடியாலோதான் இயலும். மாதிரி மனையின் பின்புறம் 8 அடி மட்டுமே என்பதால், அங்கே செப்டிக் டேங்க் இல்லாத மூலையில் கொய்யா, சீத்தா, பவளமல்லி போன்ற சிறுமரம் ஒன்றும், எஞ்சிய நீளத்துக்குச் சுவரிலிருந்து 2 அடி விலக்கி நட்ட இரும்பு வலைச் சட்டத்தில் ரங்கூன் மல்லியோ சங்குப்பூவோ ஏற்றுவதும் பொருந்தும். சுவரின் மீதே கொடியை நேரடியாக ஏற்றினால் பூச்சு உரியும், பல்லியும் எறும்பும் சன்னலுக்கு வழி காணும். அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால் சுவரும் குளிரும். பெரிய மரங்களைத் தெற்கிலும் மேற்கிலும் வைத்து வடகிழக்கைத் திறந்துவிடுமாறு மனையடி மரபு சொல்வது, கடற்காற்று கிழக்கிலிருந்து வரும் இந்தக் கரையோர ஊர்களின் வெயிலுக்கும் காற்றுக்கும் பொருந்தியே இருக்கிறது.

மரமும் செடியும்

ஒரு கிரவுண்டு மனையில் உண்மையில் பெரிதாக வளர இடமுள்ள மரம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றைத் தேர்வதில் காட்டும் நிதானம் மற்ற அனைத்துக்கும் ஈடானது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அவற்றுள் தூங்குமூஞ்சி, செம்மயிற்கொன்றை, இயல்வாகை போன்று அயல்நாட்டிலிருந்து வந்து, விரைவாக வளர்ந்து அகலக் கிளை பரப்பும் வகைகள் ஏராளம். மரத்தின் வகை மட்டும் காரணமன்று. அடிமரம் வரை சிமென்ட் போட்டு வேரைக் குறுக்கியதும் அதே அளவு காரணம். வேம்பு, புங்கன், மகிழம், புன்னை, நாவல் ஆகியவை இம்மண்ணுக்குப் பழகியவை. இவற்றுள் நாவலும் வேம்பும் ஒரு கிரவுண்டுக்குப் பெரியவை என்பதால், மாதிரி மனையின் தென்கிழக்கு மூலைக்கு மகிழமே ஏற்றது: மெல்ல வளரும், இலை அடர்த்தி, கிளை எளிதில் முறியாது, உதிர்ந்த பூவைப் பெருக்கி அள்ளுவதில் யாருக்கும் வருத்தமிராது. புங்கனும் நல்ல நிழல் தரும். ஆனால் ஆண்டுக்கொரு முறை மொத்தமாக இலை கொட்டி, பின் பூவைக் கம்பளம்போல் உதிர்க்கும் என்பதை அடுத்த வீட்டாரின் பொறுமையோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அரசு, ஆல், அத்தி ஆகியவற்றை மதிலருகே முளைத்த கன்றாகக்கூட விட்டுவைக்கக் கூடாது. தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி வேண்டும் என்பது வேளாண் பரிந்துரை. கார் நிற்கும் இடத்துக்கும் வாயிலுக்கும் மேலே மட்டையும் காயும் விழும் தென்னையை வைப்பது ஆபத்து. முருங்கை விரைவில் பயன் தரும். அதன் கிளை லேசான காற்றிலும் ஒடியும் என்பதால் மின்கம்பியிலிருந்து விலக்கி, ஆண்டுதோறும் வெட்டித் தாழ்வாகவே வைத்திருக்க வேண்டும்.

உயிர்வேலிக்கு என்று சில ஆண்டுகளாக எங்கும் நடப்பட்ட கோனோகார்பஸ் என்னும் அயல் மரத்துக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஆம் ஆண்டில் தடை விதித்தது; வாங்கிய மனையில் அது ஏற்கெனவே நின்றால், வேரோடு அகற்றிவிட்டு நந்தியாவட்டை, செம்பருத்தி, மருதாணி ஆகியவற்றால் வேலியை மீட்டெடுக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அரளி, குறிப்பாக மஞ்சள் அரளி, வேண்டாம்; அதன் விதை உயிரைக் குடிக்கும் நஞ்சு. அழகுக்காக அதை நடும் பழக்கம் இன்னும் தொடர்வது கவலைக்குரியது.

புல்தரையைப் பற்றிய ஆசையைக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் வேண்டுமெனக் கொண்டால், 300 சதுர அடிக்குத் தினமும் சுமார் 140 லிட்டர் ஆகிறது. வெட்டும் உழைப்பு தனி. வயல் வரப்பில் தானாகப் படரும் பொடுதலை அதே வேலையைக் குறைந்த நீரில் செய்கிறது: தரையோடு ஒட்டிப் படர்கிறது, காலடி பட்டாலும் தாங்குகிறது, குண்டூசித் தலை அளவுப் பூக்களில் நாள் முழுதும் சிறு வண்ணத்துப்பூச்சிகள் அமர்கின்றன, வெட்டவே தேவையில்லை. கணுவில் வேர்விட்ட துண்டுகளை அரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் ஒரு மழைக்காலத்தில் தரை மூடிவிடும். காருக்கும் முழுத் தளம் தேவையில்லை. சக்கரம் ஓடும் 2 அடி அகலப் பட்டைகள் இரண்டைப் பேவர் பிளாக்கால் அமைத்து, நடுவே இந்தப் பொடுதலையை விட்டால் வடபக்கத்தில் மட்டும் நூறு சதுர அடிக்கு மேல் மண் மூச்சுவிடும். பேவர் பிளாக்கின் அடியில் சிமென்ட் கலவை போட்டுவிட்டால் அதுவும் சிமென்ட் தளமேயன்றி வேறில்லை என்பதால், ஜல்லித்தூள் அல்லது மணல் படுக்கையின் மீது மட்டுமே பதிக்குமாறு ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

கன்று வாங்குதலும் நடுதலும்

சென்னைச் சாலையோர நர்சரிகளில் கிடைக்கும் அலங்காரச் செடிகளில் ஏராளமானவை ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம் வட்டாரத்திலிருந்து லாரிகளில் வருபவை. அவற்றின் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருப்பதால், பையைக் கிழித்து அப்படியே குழியில் வைத்தால் வேர் அந்த உருண்டையை விட்டு வெளியே வராமல் செடி ஆண்டுக்கணக்கில் குறுகி நிற்கும். உருண்டையைச் சிறிது நேரம் நீரில் நனைத்து, ஓரத்தை விரலால் தளர்த்தி, அடியில் வளையமாகச் சுற்றிக்கொண்ட வேர் தென்பட்டால் கூரிய கத்தியால் வெட்டிவிட்டு நடுதல் வேண்டும். ஆளுயரக் கன்றைவிட 2, 3 அடிக் கன்று மேலானது. உயரமான கன்று பையிலேயே காலம் கழித்து வேர் சுருண்டதாகவே பெரும்பாலும் இருக்கும். மரக்கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்கால்களையும், பழக்கன்றுகளுக்கு அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளையும் நாடுவது வகையிலும் விலையிலும் நம்பகமானது.

குழி 3 அடி நீள, அகல, ஆழத்தில் எடுக்கப்பட்டு, ஒரு வாரம் வெயிலில் ஆறிய பின், மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கையளவு வேப்பம் பிண்ணாக்கு என்ற கலவையால் நிரப்பப்பட வேண்டும். களிமண் நிலத்துக்கு மட்டும் முன்னர்ச் சொன்ன மேடு முறை. தண்டு வேராக மாறும் இடமான வேர்க்கழுத்து தரை மட்டத்தில் இருக்க வேண்டும். அது புதைந்தால் பட்டை அழுகும். இரு செடிகளை இணைத்து உருவாக்கிய ஒட்டுக் கன்றானால், ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குக் கீழே துளிர்ப்பதை எல்லாம் கிள்ளி எறிய வேண்டும். நடவுக்கு ஆடிப் பட்டம் பொதுவான காலம் என்றாலும், சென்னைக்கு ஆவணி, புரட்டாசியே சிறந்தது. ஐப்பசிப் பெருமழைக்கு முன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ள ஒன்றரை மாதம் கிடைக்கும். வீடு பங்குனியில் கைக்கு வந்தால், உடனே நட ஆசைப்படாமல் அந்தக் கோடையை மண் வேலைக்கும் குழாய் வேலைக்கும் வெயிலை அளப்பதற்கும் செலவிடுவதே அறிவுடைமை. நட்ட மரத்துக்கு முதல் இரண்டு கோடைகளிலும் வாரம் இரு முறை 15 முதல் 20 லிட்டர் வரை மெல்லப் பாய்ச்சி, அடியில் உதிர்ந்த இலையோ தேங்காய் நாரோ நான்கு விரல் தடிமனுக்குப் பரப்பி வைக்க வேண்டும். மூடாக்கு எனப்படும் இந்தப் படுக்கை தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருப்பது முக்கியம். மூன்றாம் ஆண்டில் பாய்ச்சலை நிறுத்திப் பார்க்கலாம். இம்மண்ணுக்குரிய மரமாயின் தாங்கும்.

வேலை முடிந்தபின், குழாய்கள், சேம்பர், கம்பி, உறைகிணறு, மரம் ஆகியவை மதிலிலிருந்து எத்தனை அடியில் உள்ளன என்று குறித்த வரைபடத்தின் ஒரு படியை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். பின்னாளில் குழாய் பழுதுபார்க்க வருபவர் மகிழ மரத்தின் வேரை வெட்டாமல் போவதற்கு அந்தத் தாள் ஒன்றே பாதுகாப்பு.